கோஸ்டா ரிக்காவில் தனியாக ஒரு வாரம்: மூன்று ஊர், ஒரு முதுகுப் பை, முழுமையான வழிகாட்டி

மதுரையும் கோஸ்டா ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் அங்கே இறங்கியதும் பாதி விஷயங்கள் பழகியவையாகவே தெரியும். வாழை, தென்னை, செம்பருத்தி, மாலை ஆறு மணிக்குள் பொழுது சாய்வது, மழைக்கு முன்னால் வரும் அந்தப் புழுக்கம். நிமிர்ந்து மரக்கிளையைப் பார்த்தால்தான் வேறு உலகம் என்று புரியும்.

முதலில் ஒன்று. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் மூன்று ஊருக்கு மேல் திட்டமிடாதீர்கள். நாட்டின் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. இதைப் பார்த்துவிட்டு 'ஏழு நாளில் ஏழு இடம்' என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் முதுகெலும்பு மாதிரி மலைத்தொடர் ஓடுகிறது. வரைபடத்தில் விரற்கடை தூரம் இருக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மூன்று மணி நேரப் பயணம் இருக்கும். நான் சொல்லப்போவது எரிமலை (லா ஃபோர்ட்டூனா), மேகக்காடு (மான்டெவெர்டே), கடற்கரை (மானுவேல் அன்டோனியோ) என்ற மூன்று இடங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. கார் ஓட்ட வேண்டியதில்லை.

எப்போது போவது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் விலையும் அதிகம். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். ஆனால் நாள் முழுவதும் கொட்டும் மழை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் காலை வெயிலாக இருக்கும், மதியத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். நான் போனது மே கடைசியில். காலையில் சுற்றிவிட்டு, மதியம் ஓட்டுக்கூரையில் மழை விழும் சத்தத்தோடு காப்பி குடிப்பது எனக்கு நன்றாகவே ஒத்துவந்தது. தனியாகப் போகிறவருக்கு மே, ஜூன், நவம்பர் மாதங்களைத்தான் பரிந்துரைப்பேன்: விடுதியில் இடம் கிடைக்கும், காடு பச்சைப்பசேல் என்றிருக்கும். பசிபிக் பக்கம் செப்டம்பர், அக்டோபரில் மழை மிகக் கடுமை, அந்த இரண்டு மாதங்களைத் தவிருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தையும் தவிருங்கள். நாடே கடற்கரைக்குக் கிளம்பிவிடும், பல பேருந்துகள் வியாழன், வெள்ளியில் ஓடாது.

விசா, விமானம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா வைத்திருப்பவர்களுக்கு அதைக் காட்டியே நுழையும் சலுகை உண்டு. எந்த வகை விசா, எத்தனை நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்ற விவரங்கள் அவ்வப்போது மாறும். டிக்கெட் எடுக்கும் முன் டில்லியில் உள்ள கோஸ்டா ரிக்கா தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். வழியில் விமானம் மாறும் நாட்டையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கா வழியாகப் போனால் வெறுமனே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் மாறுவதற்குத் தனி இடைவழி விசா எடுக்க வேண்டும். இன்னொன்று: நாட்டைவிட்டு வெளியேறும் டிக்கெட்டைக் குடியேற்ற அதிகாரி கேட்பார். அச்சிட்டே எடுத்துப் போங்கள்.

நேர வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம், இந்தியாவுக்குப் பின்னால். இதனால் ஒரு நன்மை இருக்கிறது. முதல் சில நாள் விடியற்காலை நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். கோஸ்டா ரிக்காவைப் பார்க்க அதுதான் சரியான நேரம்.

பணமும் பையும்

நாணயம் கொலோன். ஒரு டாலருக்குச் சுமார் 500 கொலோன் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா ஊர்களில் டாலரையும் வாங்குவார்கள், ஆனால் பேருந்துக்கும் சின்னக் கடைக்கும் கொலோன் சில்லறை வேண்டும். உணவகத்தில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் பில்லிலேயே சேர்ந்திருக்கும். நாடு மலிவானது அல்ல. பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் 15 முதல் 25 டாலர், சாதாரணச் சாப்பாடு 6 முதல் 10 டாலர். விமானச் செலவு போக, நாளுக்கு 80 டாலர் ஒதுக்கினால் முட்டுப்பாடு இல்லாமல் நடக்கும்.

பையில் கட்டாயம் வேண்டியவை: நல்ல மழைக்கோட்டு, கால் முழுவதும் மூடும் ஷூ, தலையில் மாட்டும் டார்ச், கொசு விரட்டி, ஒரு ஸ்வெட்டர் (மான்டெவெர்டேயில் குளிரும்), பைக்குள் போடத் தண்ணீர் புகாத உறை. மின்சாரம் 120 வோல்ட், தட்டை முள் பிளக். நம் போன் சார்ஜர் வேலை செய்யும், முள் மாற்றி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ஒரு பாட்டில் போதும்.

முதல் நாள்: சான் ஹோசே

விமான நிலையம் இருப்பது பக்கத்து நகரமான அலாஹுவேலாவில். வெளியே ஆரஞ்சு நிற டாக்சிகள் நிற்கும். மறுநாள் பேருந்து சான் ஹோசேயிலிருந்து என்பதால் முதல் இரவை அங்கேயே கழியுங்கள்.

பகலில் வந்து சேர்ந்தால் தேசிய அருங்காட்சியகம் ஒன்றை மட்டும் பாருங்கள், போதும். அது பெல்யாவிஸ்தா என்ற பழைய ராணுவக் கோட்டை. 1948 டிசம்பர் 1-ம் தேதி, உள்நாட்டுப் போரில் வென்ற ஹோசே ஃபிகெரெஸ் ஒரு சம்மட்டியை எடுத்து இதன் சுவரில் ஓங்கி அடித்து, இனி இந்த நாட்டுக்கு ராணுவம் கிடையாது என்று அறிவித்தார். இன்றுவரை கிடையாது. கோட்டைக் கோபுரத்தில் அந்தப் போரின் குண்டுத் தழும்புகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த ஒரு முடிவை நினைவில் வையுங்கள், நான்காம் நாள் காட்டுக்குள் இதே கதை திரும்ப வரும்.

மாலையில் 1880-ல் தொடங்கிய மெர்காடோ சென்ட்ரல் சந்தைக்குள் நுழைந்து 'சோடா' ஒன்றில் சாப்பிடுங்கள். சோடா என்றால் குளிர்பானம் அல்ல, நம் ஊர் மெஸ் மாதிரி சின்னச் சாப்பாட்டுக் கடை. அங்கே 'கசாடோ' கேளுங்கள்: சோறு, கறுப்பு அவரை, வறுத்த பழுத்த வாழை, சாலட், கூட ஏதாவது இறைச்சி. காலையில் சோறும் அவரையும் சேர்த்துக் கிளறிய 'காயோ பின்ட்டோ'. மேசையில் 'சிலேரா' என்ற காரமான காய்கறி ஊறுகாய் ஜாடி இருக்கும். அதுதான் நமக்குத் துணை. சைவம் சாப்பிடுபவர்கள் 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழி வைத்துவிடுவார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். அவரையில் பன்றிக் கொழுப்பு, அதாவது 'மன்டேகா', சேர்த்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். கடைசியில் 'ஆகுவா துல்செ' ஒரு கோப்பை. கட்டி வெல்லத்தைச் சுடுநீரில் கரைத்தது, வேறொன்றும் இல்லை. முதல் வாய் குடித்ததும் எனக்குப் பாட்டி வீட்டுப் பானகம்தான் ஞாபகம் வந்தது.

இருட்டிய பிறகு பேருந்து நிலையங்களைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்காதீர்கள். சிவப்பு நிறத்தில், கதவில் மஞ்சள் முக்கோணம் போட்ட டாக்சிதான் பதிவு பெற்றது. மீட்டருக்கு அங்கே 'மரியா' என்று பெயர். 'லா மரியா, போர் ஃபவோர்' என்றால் போடுவார்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள்: லா ஃபோர்ட்டூனா

சான் ஹோசேயில் நம் கோயம்பேடு மாதிரி எல்லாப் பேருந்தும் கூடும் ஒரே நிலையம் கிடையாது. ஊருக்கு ஊர் நிலையம் மாறும். லா ஃபோர்ட்டூனாவுக்கு '7-10' டெர்மினல். காலைப் பேருந்தைப் பிடியுங்கள், நாலு, நாலரை மணி நேரம், கட்டணம் சில டாலர்தான். பையை மேல் தட்டில் வைக்காமல் காலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் பேருந்தில் பை தொலைவது பெரும்பாலும் மேல் தட்டிலிருந்துதான்.

ஊருக்குள் இறங்கினால் தெருக்கோடியில் அரேனால் எரிமலை நிற்கும், கோபுரம் மாதிரி கூர்மையாக. அதை வெறும் குன்று என்றுதான் ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1968 ஜூலை 29 அன்று வெடித்துத் தபகோன், புவெப்லோ நுவெவோ போன்ற ஊர்களை அழித்தது. அப்புறம் 2010 வரை விடாமல் நெருப்பைக் கக்கிக்கொண்டே இருந்தது. இப்போது தூங்குகிறது. உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. உச்சி தெரிய வேண்டும் என்றால் விடியலில் எழுந்து பாருங்கள், எட்டு மணிக்கு மேல் மேகம் மூடிவிடும்.

எரிமலை தூங்கினாலும் அடியில் சூடு இருக்கிறது. தபகோன் ஆறே வெந்நீராக ஓடுகிறது. சொகுசு விடுதிகளில் இதற்கு நூறு டாலர்கூடக் கேட்பார்கள். சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்கள் இலவசமாகக் குளிக்கும் இடம் இருக்கிறது, 'எல் சோயின்' என்று கேட்டால் காட்டுவார்கள். தனியாகப் போகிறவர் விடுதியில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு டாக்சியைப் பங்கிடுங்கள். இருட்டும் முன் திரும்புங்கள், விளக்கு கிடையாது. மழை வலுத்திருந்தால் இறங்கவே வேண்டாம், ஆற்றின் இழுப்பு சட்டென்று கூடிவிடும்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, ஊரிலிருந்து நடந்தே போகக்கூடிய போகரின் பாதைக்கு வழிகாட்டியோடு போங்கள். தனியாகப் போகிறவர் சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே செலவு வழிகாட்டி. பல சுற்றுகளுக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். முந்தைய நாளே விடுதி மேசையில் சொல்லிவைத்தால் வேறொரு குழுவோடு சேர்த்துவிடுவார்கள்.

அன்றைக்கு நான் ஒரு மரத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தும் எனக்கு இலைதான் தெரிந்தது. வழிகாட்டி முக்காலியை ஊன்றி, தொலைநோக்கியைத் திருப்பி, 'பாருங்கள்' என்றார். வட்டத்துக்குள் ஒரு முகம். கண்ணைச் சுற்றிக் கறுப்புக் கோடு, சிரிப்பது போல வளைந்த வாய், மூன்று நகம் உள்ள ஒரு கை. ஸ்லாத், மரத்தில் தொங்கியே வாழும் மெதுவான விலங்கு. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பெரெசோசோ', சோம்பேறி. ரோமத்தில் பாசி படர்ந்து பச்சையாக இருந்தது. அந்தக் கை ஒரு கிளையை விட்டு அடுத்த கிளையைப் பிடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் மூச்சுவிடவே மறந்திருந்தேன். வாரத்துக்கு ஒரு முறைதான், மலம் கழிக்க மட்டும், தரைக்கு இறங்கும் என்றார் வழிகாட்டி.

பிறகு ஊர் அருவி. சுமார் 70 மீட்டர் உயரம், இறங்க 500 படி. அருவியின் நேர் கீழே நீந்தாதீர்கள், சற்றுத் தள்ளி ஓடும் தெளிந்த தண்ணீரில் உட்காருங்கள். படியேறித் திரும்பும்போது மழை தொடங்கியிருக்கும்.

நான்காம், ஐந்தாம் நாள்: மான்டெவெர்டே

லா ஃபோர்ட்டூனாவிலிருந்து மான்டெவெர்டேக்குச் சுற்றிப் போகும் பேருந்தை விடுங்கள். 'டாக்சி-படகு-டாக்சி' என்ற ஏற்பாடு இருக்கிறது: வேனில் ஏரி வரை, படகில் ஏரியைக் கடந்து, மறுகரையில் இன்னொரு வேனில் மலையேற்றம். மொத்தம் மூன்று, மூன்றரை மணி நேரம், 25 முதல் 40 டாலர். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு என்பதால் தனியாள் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. 1979-ல் அணை கட்டிப் பெரிதாக்கிய ஏரி அது. பழைய அரேனால், ட்ரொனதோரா என்ற இரண்டு ஊர்கள் அந்தத் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. படகின் பின்பக்கம் உட்காருங்கள், எரிமலை மெல்ல விலகிப் போவது தெரியும்.

தங்குவது சான்டா எலெனா ஊரில். உயரம் 1,400 மீட்டரை ஒட்டி. காற்றில் எப்போதும் ஈரம், முகத்தில் மழையா மேகமா என்று தெரியாத ஒன்று படும்.

இந்தக் காடு பிழைத்ததற்குக் காரணம் அந்தச் சம்மட்டி அடி. அமெரிக்காவின் அலபாமாவில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் சிலர், கொலை செய்யமாட்டோம் என்று ராணுவப் பதிவை மறுத்துச் சிறை சென்றார்கள். வெளியே வந்ததும், ராணுவமே இல்லாத நாடு எது என்று தேடி, 1951-ல் குடும்பம் குடும்பமாக இந்த மலைக்கு வந்தார்கள். மாடு வளர்த்தார்கள், பாலாடைக்கட்டி செய்தார்கள். ஊற்று வற்றக் கூடாது என்று மலையின் மேற்பகுதிக் காட்டை வெட்டாமல் விட்டார்கள். 1972-ல் அமைந்த மான்டெவெர்டே காப்பகத்துக்கு அப்படி விட்டுவைத்த காடும் ஒரு தொடக்கம். இந்தக் கதை தெரிந்து அங்கே நடப்பது வேறு அனுபவம்.

நான்காம் நாள் மாலை ஐந்தரைக்கு இரவு நடைக்குப் பதிவு செய்யுங்கள். 25, 30 டாலர் ஆகும். இந்த வாரத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். எங்கள் வழிகாட்டி டார்ச் ஒளியை இலைமேல் நேராக அடிக்காமல் பக்கவாட்டில் காட்டினார். கை எட்டும் தூரத்தில், ஒரு கொப்பில், பச்சை நிறப் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று. அலகை முதுகுச் சிறகுக்குள் செருகி, வாலை மடித்து மேலே போர்த்திக்கொண்டு தூங்கும் சின்ன டூக்கன் பறவை அது. மூச்சுக்கு மூச்சு அந்த உருண்டை லேசாகப் பெருத்துச் சிறுத்தது. பத்து பேர் இருந்தோம், ஒருவரும் பேசவில்லை. இன்னும் நாலடி தள்ளி இலையோடு இலையாக ஒரு பச்சை விரியன். இங்கே வழிகாட்டி இல்லாமல் இரவில் காட்டுக்குள் போகவே கூடாது என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கொடியையும் கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள்.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கே காப்பகம். ஊரிலிருந்து காலைப் பேருந்து உண்டு. கெட்சால் என்ற நீண்ட வால் பறவை கூடுகட்டும் காலம் ஏறக்குறைய பிப்ரவரி முதல் மே வரை. காட்டு அவகாடோ மரத்தடியில் வழிகாட்டிகள் கூடி நின்றால் நீங்களும் போய் நில்லுங்கள். 'லா வென்டானா' என்ற மேட்டில் மேகம் நம்மைத் தாண்டி மேற்கே போகும். இதே முகட்டில்தான், உலகில் வேறெங்கும் இல்லாத தங்கநிறத் தேரை வாழ்ந்தது. 1989-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. நான் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினேன்.

கம்பியில் தொங்கிப் போகும் ஜிப்லைன் சுற்றுலாவாக வளர்ந்தது இந்த ஊரில்தான். ஆசை இருந்தால் மதியம் வைத்துக்கொள்ளலாம். எனக்குத் தொங்குபாலமே போதுமாக இருந்தது, அதில் நின்று பார்க்க முடியும்.

ஆறாம், ஏழாம் நாள்: மானுவேல் அன்டோனியோ

மலையிலிருந்து கடலுக்கு. பேருந்தில் போனால் புன்ட்டாரேனாஸ் இறங்கி, அங்கிருந்து மானுவேல் அன்டோனியோவுக்குப் பக்கத்து ஊரான கெப்போஸுக்குப் பேருந்து. நாள் முழுக்கப் போய்விடும். இந்த ஒரு தடத்துக்குப் பகிர்வு வேனுக்கு 50, 60 டாலர் கொடுப்பதில் தவறில்லை. டார்க்கோலெஸ் ஆற்றுப் பாலத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், கீழே மணல்திட்டில் பெரிய பெரிய முதலைகள் கிடக்கும்.

இங்கே பார்க்க வேண்டியது மானுவேல் அன்டோனியோ தேசியப் பூங்கா. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆகவே இந்தத் திட்டப்படி புதன்கிழமை வந்திறங்காதீர்கள், ஏழாம் நாள் செவ்வாயாகிவிடும். வாசலில் டிக்கெட் கிடையாது. அரசின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து, நேரம் குறித்து, முன்கூட்டியே எடுக்க வேண்டும். சுமார் 18 டாலர். முதல் நேரமான ஏழு மணியை எடுங்கள். வழியில் சீருடை மாதிரி சட்டை போட்டவர்கள் கைகாட்டி நிறுத்தி, டிக்கெட் இங்கேதான் என்பார்கள். நிற்காமல் நடங்கள்.

உணவு கொண்டுபோகக் கூடாது, பையைத் திறந்து பார்ப்பார்கள். காரணம் வெள்ளைமுகக் குரங்குகள். திறந்திருக்கும் பையை அவை விடுவதில்லை. நம் கோயில் குரங்குகளைப் பழகியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்கரை ஓரம் 'மன்சனீயோ' என்ற மரத்துக்கு எச்சரிக்கைப் பலகை இருக்கும். பழம் சின்ன ஆப்பிள் மாதிரி இருக்கும், கடும் விஷம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே தோலைப் பொத்துவிடும்.

பூங்காவுக்கு வெளியே உள்ள எஸ்படீயா கரையில் அலை உள்ளே இழுக்கும். இழுபட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள். தனியாகக் குளிப்பவருக்குப் பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாஸ்போர்ட், போன் எல்லாவற்றையும் விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, இளநீருக்கு மட்டும் சில்லறை எடுத்துப் போங்கள். இளநீருக்கு அங்கே 'பிபா' என்று பெயர்.

தனியாகப் பேச நாலு வார்த்தை

ஸ்பானிஷில் நெருங்கியவர்களை ஒருமையில் பேசுவது வழக்கம் என்று படித்திருப்பீர்கள். கோஸ்டா ரிக்காவில் 'உஸ்தெத்', அதாவது நீங்கள் என்ற மரியாதைச் சொல்லை வீட்டுக்குள்கூடப் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் அதையே சொல்லுங்கள். 'கிராசியாஸ்' என்று நன்றி சொன்னால் 'கொன் முச்சோ குஸ்தோ', மிகுந்த மகிழ்ச்சியோடு, என்று பதில் வரும். வணக்கம், நலம், பரவாயில்லை எல்லாவற்றுக்கும் 'புரா விடா'. முகவரியில் கதவு எண் இருக்காது. 'தேவாலயத்துக்கு வடக்கே 200 மீட்டர்' என்றால் இரண்டு தெரு என்று பொருள், அளந்து நடக்க வேண்டாம். அவசர உதவிக்கு 911.

கிளம்பும் நாள்

மாலை விமானம் என்றால் ஏழாம் இரவையும் கடற்கரையிலேயே தங்கி, காலைப் பேருந்தில் சான் ஹோசே போகலாம். காலை விமானம் என்றால் ஏழாம் நாள் மதியமே கிளம்பி அலாஹுவேலாவில் தங்குங்கள், அங்கிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். காப்பித்தூளை விமான நிலையத்தில் வாங்காதீர்கள், சூப்பர் மார்க்கெட்டில் விலை குறைவு. கூடவே 'சோரெயாதோர்' வடிகட்டிக்கான துணிப்பை ஒன்று வாங்குங்கள். மரச்சட்டத்தில் தொங்கும் அந்தப் பையில் தூளைப் போட்டுச் சுடுநீர் ஊற்றினால் காப்பி நூலாக இறங்கும். பைக்கு எடையே கிடையாது, மரச்சட்டத்தை ஊரில் தச்சரிடம் செய்துகொள்ளலாம்.